டிரையர் சுத்தாத மெஷின்: பழைய வாஷிங் மெஷின் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய வாஷிங் மெஷின் தேடிப் போனால் எந்த வீட்டிலும் ஒரே பேச்சுதான். "அக்கா, இது ஓடுதா?" "ஓடும் தம்பி, டிரையர் மட்டும் சுத்தாது." இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். நல்ல மெஷின் பாதி அங்கேதான் கிடைக்கிறது.

எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் 1950களின் மெஷின்களைப் பளபளவென்று வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. துணி உலர்த்தத் தனி எந்திரமும் சேர்ப்பார்கள். அதெல்லாம் நமக்கு வேண்டாம். வெயில் இருக்கும் ஊரில் தனி டிரையரை யார் வாங்கினார்கள்? நம் ஊரில் டிரையர் என்றால் துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழியும் சின்ன டப்தான். இரண்டு டப், மேலே இரண்டு டைமர் உள்ள செமி ஆட்டோமேடிக்தான் நம் மெஷின். அதற்குக் குழாய்த் தண்ணீரும் அழுத்தமும் தேவையில்லை. குடத்தில் ஊற்றினால் போதும். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே வண்ணத் துணி, கடைசியில் கால்மிதி என்று ஒரே தண்ணீரை மூன்று முறை ஓட்டலாம். போர்வெல் வற்றும் கோடையைப் பார்த்த ஊரில் அது நிலைத்ததற்குக் காரணம் இதுதான். கல்வராயன் மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் போட்ட துணி காயவே காயாது. அங்கே அந்தச் சின்ன டப்பின் அருமை தெரியும்.

தேட வேண்டிய பெயர்கள் சில. டி.வி.எஸ். வேர்ல்பூல் முதலில். 1980களின் பிற்பகுதியில் டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்க வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரி திருபுவனையில் ஆலை தொடங்கின. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். ஆக, இது ஏறக்குறைய உள்ளூர்ச் சரக்கு. 1990களின் நடுவில் கூட்டு நிறுவனம் வேர்ல்பூல் கைக்குப் போனது, பெயரிலிருந்து டி.வி.எஸ். உதிர்ந்தது. இரண்டு பெயரும் சேர்ந்த ஸ்டிக்கர் இருந்தால் விடாதீர்கள். அடுத்து வீடியோகான். 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போன நிறுவனம் என்றாலும் அந்த நாள் டி.வி. விளம்பரத்தை இன்னும் முணுமுணுப்பவர்கள் உண்டு. பி.பி.எல். சான்யோவும் அழகு. ஜப்பானில் 1953-ல் சுழலும் தட்டு வைத்த மெஷினைக் கொண்டுவந்த சான்யோவின் வழி அது.

அரசு முத்திரை போட்ட மெஷின் மட்டும் தேடாதீர்கள், கிடைக்காது. இலவச டி.வி., மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்தன. வாஷிங் மெஷினை 2021 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. சொன்னது, ஆனால் ஆட்சி கிடைக்கவில்லை.

வயதைக் கண்டுபிடிக்கப் பில் இருந்தால் பொக்கிஷம். கடை முகவரியில் தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முந்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. விழுப்புரம் மாவட்டம் என்றிருந்தால் 2019 நவம்பருக்குள். அதன்பின் கள்ளக்குறிச்சியே மாவட்டம். பழைய அச்சுப் பில்லைச் சில கடைக்காரர்கள் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி வாங்கும் இடத்தில் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாஷ் டைமரைத் திருகி விடுங்கள். டிக் டிக் என்று சீராகத் திரும்பி வர வேண்டும். டப்பின் அடியில் உள்ள தட்டைக் கையால் சுற்றுங்கள். தட்டு ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. மெஷினைச் சாய்த்து அடியில் டார்ச் அடியுங்கள். கறுப்பு எண்ணெய் வழிந்த கோடு இருந்தால் சீல் போயிற்று, தண்ணீர் இறங்கிய துரு இருந்தால் டிரையர் டப்புக்குக் கீழுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறது. எலி கடித்த ஒயரையும் அங்கேயே பார்த்துவிடலாம். கடைசியில் மூக்கு. மோட்டார் எரிந்த வாசனை வருடக்கணக்கில் போகாது. நான் ஒருமுறை மூக்கை நம்பாமல் பெயிண்டின் பளபளப்பை நம்பி வாங்கினேன். வீட்டில் பிரித்தால் உள்ளே கரிக்கட்டைதான்.

டிரையர் சுத்தாததற்கு வருவோம். மூடிக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மூடி திறந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு அது. அந்தச் சுவிட்சின் தகடு துருப்பிடித்தோ வளைந்தோ தொடாமல் போயிருக்கும். சரி, அது நன்றாக இருக்கிறது என்றால் பிரேக் ஒயரைப் பாருங்கள். மூடி மூடியதும் பிரேக் விலக வேண்டும். ஒயர் சரியாக இழுக்காவிட்டால் பிரேக் பிடித்தபடியே நிற்கும், மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும். டப் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் முனகுகிறது என்றால் கண்டன்சர். வாஷ் பக்கம் பெரும்பாலும் 10 அல்லது 12 எம்.எஃப்.டி., டிரையர் பக்கம் 4 அல்லது 5 இருக்கும். பழையதில் அச்சிட்ட அளவையே கடையில் கேட்டு வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கும். இறக்கத் தெரியாதவர் மெக்கானிக்கிடம் விடுவது மேல். மூன்றும் சரி என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் இங்கே பயமில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இருக்கும் ஊரில் வாஷ் மோட்டாருக்குக் கட்ட ஆளா இல்லை? செம்புக் கம்பியிலேயே கட்டச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினும் இந்தப் பக்கம் கண்ணில் படும். அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். சவுதியில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே ஓடிய மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றிச் சூடேறும். ஓட்டாமல் வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வதில் நிதானம் வேண்டும். உப்புத் தண்ணீர் படிந்த வெள்ளைக் கறைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு இரவு ஊற வையுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். மஞ்சளித்த பிளாஸ்டிக்கைச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. முப்பது வருஷம் ஒரு வீட்டுப் பின்கட்டில் நின்ற மெஷினுக்கு அந்த மஞ்சள் பொருத்தமாகத்தான் இருக்கிறது. துருவை மட்டும் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள்.

வைக்கும் இடத்தில் மரப்பலகை போட்டு, எலி ஏறாமல் அடியில் கம்பி வலை கட்டுங்கள். மூன்று முள் பிளக், சரியான எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஓட்டினால் மோட்டார் வெந்துவிடும். மாதம் ஒருமுறையாவது நாலு துணி போட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் ரப்பர் விறைத்துவிடும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யார் வாங்கினார்கள், எந்தக் கல்யாணத்துச் சீர், அதற்கு முன் துணி துவைத்த கல் எங்கே கிடக்கிறது. மெஷினை ஓட்டிய அக்காவிடம் கேளுங்கள், பில்லை வைத்திருக்கும் மாமாவிடம் அல்ல.

டிரையர் சுத்தாத மெஷின் உங்கள் வீட்டிலேயே இருந்தால், பழைய இரும்புக்காரர் வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன் அந்த மூடி சுவிட்சை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.