மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பொழுது சாய்ந்தால் உன் மாமியார் கண்ணுக்குக் கூடத்துச் சுவரோரம் மூன்று பிள்ளைகள் தெரிகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடவில்லை என்று உன்னைக் கோபித்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தில் காத்து கருப்பு என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் வெள்ளிக்கிழமை மந்திரிக்க அழைத்துப்போக முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய். அவருடைய மாத்திரைப் பையை எடுத்துப் பாயில் கொட்டு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன் பாப்பா. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் கடைசி. ஊரே இருட்டில் கிடந்தது. உன் ஆயாவுக்கு மூக்கு ஒழுகுகிறதென்று ஒரு மருந்துக்கடையில் சளி மாத்திரையும், உடம்பு அரிப்புக்கு இன்னொன்றும் வாங்கிவந்தோம். கைநடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பிலிருந்து இல்லாத நூலை உருவி உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். செத்துப்போன தன் தம்பி வாசலில் நிற்கிறான், உள்ளே கூப்பிடு என்றார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. முகம் சிவந்து கொதித்தது. ஆயுசெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த பார்மசிஸ்ட் நான், புயல் பார்த்த அதிர்ச்சி என்று நினைத்து ஒன்றரை நாளை வீணாக்கினேன். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி விரிந்தே இருந்தது. "புதுசா என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். புது மாத்திரைகளை நிறுத்தி, நடுக்க மாத்திரையையும் அவரே குறைத்தார். இரண்டு நாளில் அம்மா என் பெயரைச் சொல்லிக் காப்பி கேட்டாள்.

உன் ஊர் நடராசர் சடையில் இருக்கும் ஊமத்தம்பூவை நினைத்துக்கொள். அந்தச் செடிக்கு உன்மத்தம் என்றே ஒரு பெயர் உண்டு. பைத்தியத்துக்கும் அதே சொல்தான். ஊமத்தை விதை தின்றவர் இல்லாதவரோடு பேசுவதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள அட்ரோபினும் ஹையோசினும் நரம்பில் அசிட்டைல்கோலின் செய்யும் வேலையைத் தடுக்கின்றன. நடுக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் பழைய சளி, அரிப்பு மாத்திரைகள், சிறுநீரை அடக்கத் தரும் மாத்திரை, நரம்புவலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சம் செய்கின்றன. தனித்தனியே பார்த்தால் சின்ன அளவு. எழுபது வயது உடம்பில் மூன்று சேர்ந்தால் ஊமத்தை தின்ற மாதிரிதான்.

உன் மாமியாருக்குப் பொங்கலுக்குப் பிறகு லெவோடோபாவைக் கூட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். அது மூளையில் டோபமினைக் கூட்டிக் கை நடுக்கத்தை அடக்கும். அதே டோபமின் இல்லாத உருவங்களையும் காட்டும். சின்னப் பிள்ளைகள், பூனை, நாய், செத்துப்போன சொந்தக்காரர் என்று நடுக்க நோய்க்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோயே முற்றினாலும் அப்படித் தெரிவதுண்டு. ஆனால் ஒன்றை மறக்காதே: லெவோடோபாவை நீயாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக விறைத்துக் கடும் காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்து. எதை முதலில் குறைப்பது என்பது டாக்டர் பாடு. நடுக்கம் இருக்கிறது என்பதை ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் சொல். அமைதிக்கென்று போடும் ஹாலோபெரிடால் ஊசி இவர்களை இன்னும் முடக்கிவிடும்.

அதிக அளவில் சாப்பிடும் ஸ்டீராய்டு, வலிக்குத் தரும் டிரமடால், தூக்கத்துக்குத் தரும் சோல்பிடம் ஆகியவையும் இப்படிக் காட்டலாம். வருஷக்கணக்காகப் போட்ட தூக்க மாத்திரையையோ குடியையோ சட்டென்று விட்டாலும் இதே கதைதான்.

மருந்து மட்டும்தான் என்றும் நினைக்காதே. பிரஷருக்கு நீர் மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, மேலே இந்த வெயில். சோடியம் 135-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பெரியவர்கள் பேத்த ஆரம்பிப்பார்கள். சர்க்கரை இறங்கினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அப்படித்தான், காய்ச்சல்கூடக் காட்டாமல் இருக்கலாம். புரை முற்றிப் பார்வை போனவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே உருவங்கள் தெரிவதுண்டு. அதனால் ரத்தம், சிறுநீர், கண் மூன்றையும் பார்க்கச் சொல்.

மந்திரிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை. விபூதி பூசுவதில் எனக்கு வருத்தமில்லை, சாமி கும்பிடட்டும். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் போனதை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களையும் யாரோ அன்பானவர்கள்தான் குணமாகட்டும் என்று அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

நாளைக் காலையிலேயே அண்ணாமலை நகருக்குப் போ. நாம் இன்னும் ராஜா முத்தையா என்று சொல்லும் அந்த ஆஸ்பத்திரிதான் இப்போது மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. பையைப் பையாகவே எடுத்துப்போ. கண் சொட்டு மருந்து, லேகியம், கத்தரியால் வெட்டிப் பெயர் போன அட்டை, பேப்பரில் மடித்த உதிரி மாத்திரை எதையும் வீட்டில் விடாதே. எது எப்போது தொடங்கியது, பிள்ளைகள் எந்தத் தேதியில் முதலில் தெரிந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள். இன்று ராத்திரியே காய்ச்சல் அடித்தாலோ, கூப்பிட்டால் முழிக்காமல் மயங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு. மாப்பிள்ளையிடம் நான் பேசுகிறேன்.

அதுவரை கூடத்து விளக்கை அணைக்காதே. பிள்ளைகள் இல்லை என்று அவரோடு வாதாடாதே. "எனக்குத் தெரியல அத்தை, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்.

அன்புடன்,
பெரியப்பா