வழக்கு ஒரு பக்கம், மனுஷி ஒரு பக்கம்

கேள்வி: அமெரிக்கப் பழங்குடிப் பகுதிகளில் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ எஃப்.பி.ஐ. தனியாக ஆள் வைத்திருக்கிறதாமே? விசாரணை அதிகாரி இருக்கும்போது அவருக்கு என்ன வேலை?
- வாசகி, திருச்சி

பதில்: விசாரணை அதிகாரிக்குச் சாட்சியம் வேண்டும். அடிபட்ட பெண்ணுக்கோ அன்றிரவு பிள்ளைகளோடு படுக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேடித் தருபவர்தான் இவர்.

நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலத்தைப் பாருங்கள். மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். பல வீடுகளுக்கு மண்பாதைதான். கதவு எண் கிடையாது, செல்போன் சிக்னலும் கிடைக்காது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லவே நேரில் போயாக வேண்டும். போனாலும் பேசத் தெரிய வேண்டும். இறந்தவரைப் பற்றிப் பேசுவதைத் தவிர்ப்பது நவஹோ மரபு. கொலையுண்டவரின் தாயிடம் படிவத்தை நீட்டிக் கேள்வி மேல் கேள்வி கேட்பது கொடுமை.

சட்டமும் ஒரே சிக்கல். பழங்குடி அல்லாதவர்களைப் பழங்குடி நீதிமன்றங்கள் குற்றவழக்கில் விசாரிக்க முடியாதென 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறை வழக்குகளில் அவர்களை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு வழிவிட்டது. 2022இல் பாலியல் வன்முறையும் குழந்தைகள் மீதான வன்முறையும் சேர்ந்தன. பழங்குடி அரசா, மாநிலமா, மத்திய அரசா, யாரிடம் போவது? நொந்து கிடப்பவரை இப்படி அலையவிடுவது அநியாயம். இந்த அலைச்சலைத் தன் தோளில் ஏற்றுக்கொள்பவர் என்பதால்தான் இவர் அவசியம் என்கிறேன்.

பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவித்தொகைக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிதி இருக்கிறது. அதில் பெரும்பகுதி மத்தியக் குற்றவழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம். எஃப்.பி.ஐ. மட்டுமல்ல, பல பழங்குடி அரசுகளும் தாங்களே இத்தகைய உதவிப் பணியாளர்களை நியமிக்கின்றன.