வெட்கம் மறைத்த வியாபாரம்: ஹலாலான முதலீடு பற்றி ஒரு பாடம்



வீட்டில் நாலு காசு சேர்ந்தால் அதை என்ன செய்வது என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் எழுகிறது. வங்கியில் போட்டால் வட்டி வரும், அது வேண்டாம் என்கிறோம். நகையாக வாங்கி அலமாரியில் பூட்டுகிறோம். அல்லது, "மாதாமாதம் இவ்வளவு நிச்சயம், ஹலால்தான்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிக் கொடுத்துவிடுகிறோம்.

2019 ஜூன் மாதம் பெங்களூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஹலால் முதலீடு என்று சொல்லிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் ஒரே நாளில் கதவை மூடியது. அதன் தலைவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டு, அடுத்த மாதம் டெல்லியில் இறங்கியபோது கைதானார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததையும், ஓய்வுபெற்றபோது கிடைத்ததையும் கொடுத்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

பணத்தை எங்கே போடக்கூடாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. எங்கே போடலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

துணிகர மூலதனம்

புதுத் தொழில் தொடங்குபவரிடம் அடமானம் கேட்காமல், வட்டி பேசாமல், தொழிலில் ஒரு பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு பணம் தருவதைத் துணிகர மூலதனம் என்கிறார்கள். இதை ஒரு முறையான தொழிலாகவே நடத்திய முதல் நிறுவனங்களில் ஒன்று 1946இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் ஜார்ஜ் டோரியோ என்ற பேராசிரியர். 1957இல் கணினி செய்ய விரும்பிய இரண்டு இளம் பொறியாளர்களுக்கு இந்த நிறுவனம் 70,000 டாலர் கொடுத்தது. கணினித் தொழில் நஷ்டத் தொழில் என்று பணக்காரர்கள் ஒதுங்கியிருந்த காலம் அது. பத்தாண்டுக்குள் அந்தப் பங்கின் மதிப்பு பல கோடி டாலராக உயர்ந்தது.

தொழில் மூழ்கியிருந்தால் அந்த 70,000 டாலரும் மூழ்கியிருக்கும். லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் போட்டவர் பொறுப்பு. இது நமக்குப் புதிதன்று. ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்கும் முளாரபா முறை இஸ்லாத்துக்கு முன்பே அரபு நாட்டில் இருந்தது. கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றுவந்ததும் இந்த வகை வியாபாரம்தான். மார்க்கம் அதை அனுமதித்தது, வட்டியைத் தடுத்தது.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்ட இடம்

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் வெல்டிங் பட்டறையில் உழைத்தவர். 1998இல் திருமணமான புதிதில், மாதவிடாய் நாட்களில் மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப்போவதைக் கண்டார். கடையில் விற்கும் நாப்கினை வாங்கினால் வீட்டில் பால் வாங்குவதைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று மனைவி சொன்னார்.

நாப்கின் ஒன்றை வாங்கிக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே இருப்பது சில பைசா பெறுமானமுள்ள பொருள், விலையோ பல மடங்கு. தானே செய்ய முயன்றார். பஞ்சு சரிப்படவில்லை. உள்ளே இருப்பது மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பெண்கள் முன்வரவில்லை. ஆட்டு ரத்தம் நிரப்பிய பந்தின் பிளாடரைக் கட்டிக்கொண்டு தானே சோதித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார், தாயும் போனார். பின்னாளில் மனைவி திரும்பி வந்தார்.

வெளிநாட்டு இயந்திரத்தின் விலை மூன்று கோடி ரூபாய்க்கு மேல். அவர் செய்த எளிய இயந்திரத்தின் விலை ஆரம்பத்தில் சுமார் 65,000 ரூபாய். ஒரு மகளிர் சுய உதவிக் குழு சேர்ந்தால் வாங்கிவிடலாம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு உரிமையை விற்காமல், அந்தக் குழுக்களுக்கே இயந்திரத்தை விற்றார். செய்வதும் பெண்கள், விற்பதும் பெண்கள், வாங்குவதும் பெண்கள். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இந்தத் தேவையைப் பணம் வைத்திருந்தவர்கள் ஏன் காணவில்லை? பணம் ஆண்களின் கையில் இருந்தது. தேவை பெண்களுடையது. பேச இருவருக்கும் வெட்கம். 2015-16இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில்கூட, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர்தான் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறையைப் பயன்படுத்தினார்கள். மீதிப் பேரின் தேவை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

நம் மார்க்கம் இந்த விஷயத்தில் வாயை மூடச் சொல்லவில்லை. மாதவிடாய் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதையும் அதற்கான பதிலையும் அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனத்தில் காண்கிறோம். வெட்கம் பார்க்காமல் மார்க்கத்தைக் கேட்டறிந்த அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். ஃபிக்ஹு நூல்களில் ஹைளுக்குத் தனிப் பாடமே உண்டு.

தடுக்கப்பட்டது வேறு, ஒதுக்கப்பட்டது வேறு

பிறர் ஒதுக்கியதில் லாபம் உண்டு என்றதும், ஒதுக்கப்பட்ட எல்லாவற்றிலும் இறங்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மதுவிலும் சூதாட்டத்திலும் முதல் போட்டு, ஊர் தயங்குவதால்தான் எங்களுக்கு லாபம் என்று பேசுவோர் உலகில் உண்டு. அல்லாஹ் தடுத்ததை யார் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் அது ஹராம்தான்.

அல்லாஹ் தடுக்காத, மனிதர் மட்டும் கூச்சப்பட்டு ஒதுக்கியவை நிறைய. முதியோருக்கான டயப்பர், படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வந்து பராமரிக்கும் பணி, மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கான உள்ளாடைத் தையல், கழிவுநீர்த் தொட்டியை ஆள் இறங்காமல் இயந்திரத்தால் சுத்தம் செய்வது. இவற்றில் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் கஷ்டம் தீர்கிறது. ஒரு தேவை உண்மையானதா என்று அறிய, மக்கள் இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். பழந்துணி ஒளித்து வைக்கப்படும் வீட்டில் தேவை இருக்கிறது.

கணக்கு எப்படி?

ஒரு சகோதரி தையல் தொழில் தொடங்க நீங்கள் 1,00,000 ரூபாய் முளாரபாவாகத் தருகிறீர்கள் என்று வைப்போம். லாபத்தில் அவருக்கு 60, உங்களுக்கு 40 விழுக்காடு என்று பேச்சு. ஆண்டு லாபம் 40,000 என்றால் அவருக்கு 24,000, உங்களுக்கு 16,000. லாபத்துக்குப் பதில் 30,000 நஷ்டம் என்றால் அது உங்கள் முதலிலிருந்து போகும். அவருக்கு உழைப்பு வீண். அவர் கவனக்குறைவாலோ ஒப்பந்தத்தை மீறியோ நஷ்டம் வந்தால் மட்டுமே அவர் பொறுப்பு. இருவருமே முதல் போட்டால் அது முஷாரகா. அதில் நஷ்டம் அவரவர் முதலின் விகிதப்படி.

"லாபமோ நஷ்டமோ, மாதம் 3,000 தந்துவிடு" என்று பேசினால் அது வியாபாரப் பங்கு அல்ல, வட்டி. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பல மோசடிகள் வெளிப்பட்டுவிடும்: நஷ்டம் வந்தால் யார் ஏற்பது?

கவனத்தில் கொள்ள:

1. கடன் வாங்கி முதல் போடாதீர்கள். பிள்ளைகளின் கல்விக் கட்டணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்தது, மனைவியின் மஹர் ஆகியவற்றைத் தொடாதீர்கள்.
2. முழுத் தொகையையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள். புதுத் தொழில்களில் பல தோற்கும்.
3. உறவினரானாலும் எழுதிச் சாட்சி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்வது குர்ஆனின் கட்டளை.
4. தொழிலை நேரில் சென்று பாருங்கள். கணக்கைக் கேட்பது சந்தேகம் அல்ல, அமானிதத்தைக் காப்பது.
5. மார்க்கச் சந்தேகத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க:

நம் தெருவில் வாய்விட்டுச் சொல்ல முடியாத தேவை எது? அதைத் தீர்க்கும் திறமை நம் வீட்டுப் பெண்களில் யாருக்கு இருக்கிறது? அவருக்கு இதுவரை யாரும் முதல் தராதது ஏன்?

இந்த மூன்று கேள்விகளை முதலில் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் கொஞ்ச நேரம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், பிறர் கஷ்டத்தைக் காணும் கண்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.