ஆங்கிலச் சொல்வளம் பெருக்குமாறு

ஒரு மொழியைக் கற்பார்க்கு முதற்கண் உண்டாகும் இடர் சொல் இன்மை. பின்னர் உண்டாகும் இடர், சொல் உண்டு என்னும் மயக்கம். முன்னது தொடக்க வகுப்பினர்க்கு உரியது. அவர் தம் அறியாமையைத் தாமே உணர்தலின் பிறரை வினவியேனும் தெரிந்துகொள்வர். பின்னது, ஆங்கிலப் பத்திரிகையை ஒருவாறு படிக்கவும் வகுப்பில் ஆசிரியர் உரைப்பதைப் பின்பற்றவும் வல்லராகிய நம்போன்ற மாணவர்க்கு உரியது. பாதி தெரிந்த சொல்லை முற்றுந் தெரிந்ததாக எண்ணி மேற்செல்லும் வழக்கத்தால் நம் சொல்வளம் ஓரளவில் வளராது நின்றுவிடுகின்றது. இவ்விரண்டாம் இடரை நீக்கும் வழிகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

என் அநுபவம் ஒன்றை முதலிற் கூறுதல் தகும். யான் சிவகாசிக்கு அண்மையிலுள்ள சிற்றூரினன். 1922ஆம் ஆண்டிற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரால் அத்தொழில் 1923இல் எங்கள் பக்கத்தில் வேரூன்றிற்று. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும், பெட்டிகளுக்கு வேண்டிய லேபிள்களை அடித்துக் கொடுக்கும் அச்சுத்தொழிலும் பெருகின என்பதை யாவரும் அறிவர். என் தாய்மாமன் ஆண்டுள்ள அச்சகமொன்றிற் சரக்குக் கிடங்கைக் காப்பவர். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் அவருக்கு உணவு கொண்டு சென்றேன். அப்பொழுது வந்திறங்கிய தகரப்பீப்பாய் ஒன்றின்மேல் ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் ஆங்கிலச் சொல் செந்நிறத்திற் பொறிக்கப்பட்டிருந்தது.

“மருமகனே, நீ பெரிய படிப்புப் படிக்கிறவன். இதற்கு என்ன அர்த்தம், சொல் பார்ப்போம்” என்றார் மாமா.

‘இன்’ என்னும் முன்னொட்டு எதிர்மறைப் பொருளது என்று யான் பள்ளியிற் படித்திருந்தேன். ‘விசிபிள்’ காணத்தக்கது, ‘இன்விசிபிள்’ காணவொண்ணாதது. அம்முறையே இதுவும் ஆகும் எனத் துணிந்து, “தீப்பற்றாதது என்று அர்த்தம், மாமா. மின்சாரப் பலகைக்கு அருகில் இடம் இருக்கிறதே, அங்கேயே வைக்கலாம்” என்றேன்.

அவர் விடையொன்றும் கூறாது, மூடியின் விளிம்பைத் துடைத்த துணியை மோந்து பார்த்தார். “வாசனை அப்படிச் சொல்லவில்லையே, அப்பா” என்று கூறி, பீப்பாயைத் தாமே உருட்டிச் சென்று தனியறையில் வைத்தார். அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். அச்சொல்லுக்கு ‘எளிதில் தீப்பற்றத்தக்கது’ என்பதே பொருள் என்று கண்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரின் மூக்கு, சிறப்பு வகுப்பு மாணவனின் நாவினும் மேம்பட்டதாயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் பிழை எங்கே நேர்ந்தது? நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரித்தறியும் முறையை நமக்குக் கற்பித்திருக்கின்றார். ஆங்கிலச் சொற்களையும் இங்ஙனம் பிரித்தறிதல் மிகவும் பயன் தருவதே. ஆயின் ஓர் உறுப்பு எல்லாவிடத்தும் ஒரு பொருளே தரும் என்று கொள்ளுதல் தவறு. தமிழில் ‘அநீதி’ என்பதன் அகரம் எதிர்மறை. ‘அக்காலம்’ என்பதன் அகரம் சுட்டு. ‘அமைதி’ என்பதன் அகரமோ பகுதியின் முதலெழுத்தே. தமிழ் கற்கும் அயல்நாட்டார் ஒருவர் மூன்றையும் ஒன்றாகக் கருதினால் என்ன விளையும்? அங்ஙனமே ஆங்கிலத்திலும் ‘இன்’ என்பது சிலவிடத்து எதிர்மறை. சிலவிடத்து ‘உள்’ என்னும் பொருளது. இலத்தீனில் ‘ஃபிளாம்மா’ என்பது சுடர். அதனோடு உட்பொருள் தரும் ‘இன்’ சேர்ந்த வினை ‘தீக்கொளுவுதல்’ எனப் பொருள்படும். அதனின்று பிறந்ததே மேற்கூறிய சொல்.

இம்மயக்கம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலமே தாய்மொழியாக உடையாரும் இதனால் இடர்ப்படுவர் என அஞ்சி, அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920ஆம் ஆண்டுகளில் ‘ஃபிளேமபிள்’ என்னும் சொல்லையே வழங்குமாறு வற்புறுத்தினர். முன்னொட்டு உண்டாயினும் இன்றாயினும் பொருள் ஒன்றே. தீப்பற்றாத பொருளைக் குறிக்க ‘நான்’ என்னும் எதிர்மறை ஒட்டினை முன்னே சேர்த்து ‘நான்ஃபிளேமபிள்’ என்று வழங்குவர்.

சொல்லால் தீ விளையும் என்பதற்கு மற்றுமொரு சான்றுண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) என்னும் மொழியறிஞர் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துத் தீக்காப்புறுதி நிறுவனம் ஒன்றில் அலுவல் பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களுக்கு அருகில் மிக எச்சரிக்கையாக இருந்த தொழிலாளர், ‘வெற்றுப் பீப்பாய்’ எனப்பட்டவற்றின் அருகே அச்சமின்றிப் புகைபிடித்ததை அவர் எடுத்துக்காட்டினார். வெற்றுப் பீப்பாயில் எண்ணெய் இல்லை. ஆயின் எளிதில் வெடிக்கும் ஆவி நிறைந்திருந்தது. ‘வெறுமை’ என்னும் சொல் அவர்தம் கண்ணை மறைத்தது. ஒரு சொல்லின் பொருளை அரைகுறையாக அறிதல் அறியாமையினும் தீது என்பது இதனால் விளங்கும்.

இனி, சொல்வளம் பெருக்கும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, எவ்வெச்சொற்களை முற்படக் கற்பது என்னும் தெரிவு. அகராதியை முதற்பக்கத்திலிருந்து நெட்டுருச் செய்தல் வீண் உழைப்பு. டாக்காவில் கல்விப்பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பார், மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் திரட்டி 1953இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதற்கு மேற்படியாக, எல்லாத் துறைக் கல்வி நூல்களிலும் பயின்று வரும் 570 சொற்குடும்பங்களை ஆவெரில் காக்ஸ்ஹெட் என்னும் நியூசிலாந்து அம்மையார் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். பிறர் உதவியின்றி நாவலும் நாளிதழும் படித்தற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது பால் நேஷன் என்னும் அறிஞர் 2006இற் கண்ட கணக்கு. நம்மிற் பலர் முதற்பட்டியலைக் கடந்திருப்போம். இரண்டாவதே இனி நாம் ஏறவேண்டிய படி.

இரண்டாவது, சொல்லைத் தனியே கல்லாது குடும்பமாகக் கற்றல். மேற்கூறிய ‘ஃபிளாம்மா’ என்னும் வேரினின்றே ‘ஃபிளேம்’ என்னும் சுடரும், மருத்துவர் கூறும் ‘இன்ஃபிளமேஷன்’ என்பதும் வந்தன. இதனைத் தமிழில் அழற்சி என்கின்றோம். அழல் என்பதும் தீயன்றோ! கிரேக்கத்தில் ‘பைர்’ என்பது தீ. அதனின்று ‘பைர்’ எனும் ஈமத்தீயும், ‘பைரோடெக்னிக்ஸ்’ எனும் வாணக்கலையும், காய்ச்சலைத் தணிக்கும் மருந்தாகிய ‘ஆன்டிபைரெடிக்’ என்பதும் பிறந்தன. காய்தல் என்னும் வினையினின்று காய்ச்சல் பிறந்தவாறே அங்கும் தீயினின்று நோயின் பெயர் தோன்றியமை காண்க. வேர் ஒன்றைப் பற்றினால் கிளை பல கைக்கு வரும். ஆயின் கண்டது கிளைதானா என்பதை அகராதியால் உறுதிசெய்த பின்னரே கொள்ளல் வேண்டும். இது யான் பட்டறிந்த பாடம்.

மூன்றாவது, ஒரு சொல் எச்சொல்லோடு சேர்ந்து நடக்கும் என்பதை நோக்குதல். நாம் அடுப்பை மூட்டுகின்றோம், விளக்கை ஏற்றுகின்றோம், தீக்குச்சியை உரசுகின்றோம், வெடியைக் கொளுத்துகின்றோம். செயல் ஏறத்தாழ ஒன்றேயாயினும் வினைகள் வேறு. விளக்கை மூட்டினேன் என்பானைக் கண்டு குழந்தையும் நகும். ஆங்கிலத்திலும் விளக்குக்கு ‘லைட்’, தீக்குச்சிக்கு ‘ஸ்ட்ரைக்’, வாணத்திற்கு ‘செட் ஆஃப்’ என வினைகள் வேறுபடும். பெயரை மட்டும் கற்று அதற்குரிய வினையைக் கல்லாதவன், மணமகனை அழைத்து வந்து மணமகளை மறந்தவனை ஒப்பான்.

நான்காவது, ஒரு சொல்லின் பல பொருள்களைப் பகுத்தறிதல். ‘குரோஸ்’ என்னும் சொல்லை எங்கள் பக்கத்திற் கையெழுத்திட அறியாதாரும் வழங்குவர். பன்னிரண்டு டஜன், அதாவது 144 என்பது அதன் பொருள். அதே சொல் கணக்கேட்டிற் கழிவு நீக்காத மொத்த வருவாயையும், வழக்குமன்றத்திற் பெருந்தவற்றையும் குறிக்கும். தெரிந்த சொல்தானே என்று கடந்து செல்வார்க்கு இப்பொருள்கள் என்றும் புலனாகா.

ஐந்தாவது, சொல்லின் தரம் அறிதல். தொல்காப்பியர் செய்யுட்சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். ஆங்கிலத்திலும் இத்தகைய பகுப்பைக் காணலாம். ‘ஃபயர்’ என்பது அம்மக்களின் வீட்டுச்சொல். ‘ஃபிளேம்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘கான்ஃபிளக்ரேஷன்’ இலத்தீன் வழி வந்தது, பெருந்தீயை உணர்த்துவது. அடுப்பங்கரையில் மூன்றாவதை வழங்குதல் நகைப்புக்கு இடமாகும். அவர்தம் திசைச்சொற்களுள் நம் கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணீரும் உள்ளன. ஆதலின் அம்மொழியை முற்றும் அயலானது என்று அஞ்சவேண்டுவதில்லை.

ஆறாவது, கற்றதை மறவாமை. ஜெர்மானியராகிய எப்பிங்ஹௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற சிறிது நேரத்திலேயே மறதி மிக விரைந்தும், பின்னர் மெல்லவும் நிகழ்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. ஆதலின் ஒரு நாளிற் பத்து முறை ஓதுவதினும் மறுநாள், மூன்றாம் நாள், எட்டாம் நாள், திங்கள் இறுதி என இடைவிட்டு நினைவுகூர்தலே சிறந்தது. யான் ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். இடப்பக்கத்திற் சொல்லும், அது வந்த வாக்கியமும். வலப்பக்கத்தில் பொருளும், வேரும், உடன்வரும் வினையும், யானே அமைத்த வாக்கியம் ஒன்றும் எழுதுவேன். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விடை கூற முயல்வேன். நாள் ஒன்றுக்கு ஐந்து சொற்களே. ஆயினும் ஆண்டில் அவை ஆயிரத்து எண்ணூறுக்கு மேலாகும்.

இவ்வுழைப்பைப் பெரிதென்று எண்ணுவார் நம் மொழியைக் கற்ற அயல்நாட்டாரை நினைக்க. பெப்ரீசியஸ் ஐயரின் தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கிய தொகுப்பு பலர் கைமாறி, வின்சுலோ ஐயரால் முற்றுப்பெற்று, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் வெளிவந்தது. தொடங்கியவர் அதன் முடிவைக் காணவில்லை. அவர்கள் நம் சொற்களுக்காக ஆயுளைச் செலவிட்டனர். நாம் நாள்தோறும் அரைமணி நேரம் செலவிடுதல் அரிதோ?

நிற்க. விடுமுறை முடியுமுன் மீண்டும் அக்கிடங்கிற்குச் சென்றேன். என் பிழையை மாமாவிடம் ஒப்புக்கொண்டு, வெள்ளைத் தாளொன்றில் ‘எளிதில் தீப்பற்றும், அருகே நெருப்பு ஆகாது’ என்று தமிழிற் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதனைத் தனியறைக் கதவில் ஒட்டிவிட்டு, “இப்பொழுதுதான் நீ படித்தவன்” என்றார். ஆங்கிலச் சொல் ஒன்றை நாம் கற்றோம் என்பதற்கு உரிய அடையாளம் அதனை மேடையிற் கூறுதலன்று. அதனை அறியாதார்க்கு அவர்தம் மொழியிற் பிழையின்றி எடுத்துரைத்தலே. அத்தகைய சொல்வளத்தை நாம் அனைவரும் பெருக்குவோமாக.