மாஸ்டரோட மாஸ்டர் யாரு?

செவ்வாய்ப்பேட்டையில கொலுசு வாங்கப் போனா, டிசைன் பிடிச்சதுக்கு அப்புறம் நாம கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை டச்?" வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவுன்னு தெரியாம யாரும் பர்ஸைத் திறக்க மாட்டாங்க. லீ பஜார்லயும் அப்படித்தான். மூட்டைக்குள்ள கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்காம யாரும் விலை பேசறதில்ல.

ஆனா சுவர்ல ஒரு தற்காப்புக் கலை வகுப்போட ஃப்ளெக்ஸ் தொங்கும்போது இந்தப் புத்தி எங்கேயோ போயிடுது. "ஷாவோலின் நேரடிப் பரம்பரை", "ஜப்பான் தலைமையகத்தின் அங்கீகாரம்", "போதிதர்மர் வழிவந்த கலை" என்று தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் இந்த மாதிரி வரிகளைப் பார்க்கலாம். மேலே ஒரு புலி, கீழே ஒரு போன் நம்பர். நாமளும் தம்பியைக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்து விடறோம்.

ஏன் கேட்பதில்லை என்பதற்குக் காரணம் இருக்கு. கணக்கு வாத்தியார் தப்பா சொல்லிக்கொடுத்தா விடைத்தாளில் தெரிஞ்சிடும். சண்டைக் கலையில் அப்படி ஒரு விடைத்தாள் கிடையாது. நெஜமா அடி விழுற நாள் வர்ற வரைக்கும் நம்ம பயிற்சி தேறுமா தேறாதான்னு தெரியாது, பெரும்பாலானவங்களுக்கு அந்த நாள் வர்றதும் இல்ல. அதனால கலையை நேரடியா சோதிக்க முடியாத இடத்துல, "இவர் இன்னாரோட சீடர்" என்கிற பரம்பரைதான் ஹால்மார்க் முத்திரை மாதிரி வேலை செய்யுது. போலி புகுவதும் சரியா அந்த இடத்துலதான்.

உலகத்திலேயே ரொம்பப் பிரபலமான போலிப் பரம்பரைக் கதை எதுன்னு தேடினா, அது நம்ம காஞ்சிபுரத்து வாசலுக்கே வந்து நிக்குது. கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கோங்க.

2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்கு அப்புறம் போதிதர்மரைத் தெரியாத தமிழ்ப் பையன் கிடையாது. பல்லவ இளவரசர், காஞ்சியிலிருந்து சீனா போனார், ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார், அதுதான் குங்ஃபூ. பல வகுப்புகளோட விளம்பரமும் இதுமேலதான் நிக்குது. இப்போ பழைய ஆவணங்களை வரிசையா வச்சுப் பார்ப்போம்.

போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி யாங் சுவான்ஜி என்பவர் 547-ஐ ஒட்டி எழுதியது. அதுல அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி! அதே நூற்றாண்டுல தான்லின் என்பவர் எழுதிய குறிப்புதான் அவரைத் தென்னிந்தியர், ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. இந்த ரெண்டுலயும் காஞ்சிபுரம் என்ற பெயர் இல்ல, பல்லவர் என்ற பெயரும் இல்ல. குத்து, உதை பத்தி ஒரு வரிகூட இல்ல. ஷாவோலின் மடமே 495 வாக்கில், பாதுவோ என்று சீனர்கள் அழைத்த இன்னொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது.

சரி, ஷாவோலின் துறவிகள் சண்டை போட்டாங்களா? போட்டாங்க. பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமின்னுக்கு 621-ல் போரில் உதவினதை, மடத்துலயே இருக்கிற 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லுது. ஆனா அதை போதிதர்மர் சொல்லிக்கொடுத்தார்னு அந்தக் கல்வெட்டு சொல்லல. இன்னும் கிட்டத்தட்ட ஒன்பது நூற்றாண்டு தள்ளி வருவோம். 1600-களின் தொடக்கத்தில் செங் சோங்யோ என்பவர் ஷாவோலினில் பத்து வருஷத்துக்கு மேல் கம்பு கற்று, அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதுல கம்புக்கலைக்கு மூலகுருவா வர்றது ஒரு கின்னர தெய்வம். உள்ளே இருந்து கத்துக்கிட்டவருக்கே போதிதர்மர் கதை அப்போ கலையோட மூலமா இல்லைன்னு இதுல இருந்து புரியுது.

அப்போ கதை எங்கிருந்து வந்தது? 1624 தேதியிட்ட 'யிஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூலிலிருந்து. தசைநார்களை மாற்றும் சூத்திரம்னு பொருள் சொல்லலாம். போதிதர்மர் ஷாவோலினில் ஓர் இரும்புப் பெட்டியை விட்டுட்டுப் போனதாகவும், அதில் இந்த நூல் இருந்ததாகவும் முன்னுரை சொல்லுது. நூலுக்கு மதிப்பு கூட்ட ரெண்டு பழைய தளபதிகள் பேரில் முன்னுரைகள். ஒண்ணு தாங் காலத்து லி ஜிங், இன்னொண்ணு சோங் காலத்து நியு காவ். பார்த்தா அசல் பரம்பரைச் சான்றிதழ் மாதிரியே இருக்கும்.

இது எப்படி மாட்டுச்சு தெரியுமா? லி ஜிங் எழுதியதாகச் சொல்ற முன்னுரையில், இந்த நூல் அவருக்கு 'சுருள்தாடி வீரன்' வழியாகக் கிடைத்ததாக வருது. அந்தச் சுருள்தாடி வீரன் ஒரு பழைய சீனக் கதையில் வரும் கற்பனைப் பாத்திரம். நம்ம பாஷையில சொன்னா, நரசிம்மவர்ம பல்லவர் கையெழுத்துப் போட்ட ஓலையில "இதை எனக்கு நாகநந்தி அடிகள் கொடுத்தார்"னு இருந்தா எப்படி இருக்கும்? கல்கி எழுதின 'சிவகாமியின் சபதம்' படிச்ச யாரும் சிரிச்சிடுவாங்க. 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த லிங் திங்கான் என்ற சீன அறிஞரும் அப்படித்தான் சிரிச்சார், இதை எழுதினது ஏதோ விவரம் தெரியாத கிராமத்து வாத்தியார்னு. 1900-களின் தொடக்கத்தில் வந்த 'லாவ் சானின் பயணங்கள்' என்ற நாவல் இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியது. 1930-ல் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் இதைக் கட்டுக்கதைன்னு விரிவா எழுதினார். ஆனா கதை அதுக்குள்ள ஓடிப்போயிடுச்சு. கடைசியில நம்மகிட்ட வந்து, நம்ம பெருமையாவே மாறிடுச்சு.

ஆக "குங்ஃபூ எங்களோடது"ன்னு நாம நெஞ்சை நிமிர்த்துறது, சீனாவில் யாரோ ஒருத்தர் தன் புத்தகத்துக்கு மதிப்பு கூட்ட எழுதின போலி முன்னுரையை நம்பி. போதிதர்மர் ஜென் மரபின் முதல் குருவாகப் போற்றப்படுவது வேற விஷயம், அதை யாரும் தொடல. சிலம்பத்துக்கோ அடிமுறைக்கோ இதனால எந்தக் குறையும் இல்ல. என்னைக் கேட்டா, சிலம்பத்துக்கு ஷாவோலினோட சர்டிபிகேட் தேவைன்னு நினைக்கிறதுதான் சிலம்பத்துக்கு அவமானம்.

இது சீனாவோட மட்டும் நிக்கல. டேக்வாண்டோ 2,000 வருஷப் பழமையானதுன்னு எத்தனையோ புத்தகங்களில் இருக்கு. அந்தப் பெயரே 1955-ல் வந்தது. ஆரம்பகால கொரிய ஆசிரியர்கள் பலர் ஜப்பானில் கராத்தே படிச்சவங்க. ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாட்டுக்கு அதை ஒத்துக்கிறது கஷ்டமா இருந்தது, அதனால பழைய ஹ்வாராங் வீரர்கள் கதை சேர்ந்தது. கதை பொய் என்பதால் அந்த உதை வலிக்காம இருக்குமா? இல்ல. இங்கதான் மூணு கேள்வியைத் தனித்தனியா வச்சுக்கணும். கலையோட வரலாறு உண்மையா என்பது ஒண்ணு. இந்த மாஸ்டர் நிஜமாவே அந்தக் கலையைக் கற்றவரா என்பது இன்னொண்ணு. அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது மூணாவது. ஃப்ளெக்ஸ் எப்பவும் முதல் கேள்விக்கு மட்டும் சத்தமா பதில் சொல்லும், ரெண்டாவதைப் பேசாம விட்டுடும்.

பெல்ட் விஷயமும் நல்ல உரைகல். இப்போ இருக்கிற டான் தரவரிசை முறையும் கறுப்பு பெல்ட்டும் 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ கொண்டுவந்தது. கராத்தேவில் முதல் டான் தரங்களை ஃபுனகோஷி 1924-ல்தான் கொடுத்தார். அதனால "அகத்தியர் காலத்து வர்மக்கலையில் பிளாக் பெல்ட்"னு யாராவது சொன்னா, அவர் திறமைசாலியா இருக்கலாம், ஆனா அந்தப் பெல்ட் அகத்தியர் கொடுத்தது இல்ல.

பரம்பரைப் பட்டம் எவ்வளவு தூரம் போகும்னு பார்க்க 2020 மே மாசம் சீனாவில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு தாய்ச்சி பிரிவின் தலைவர்னு சொல்லிக்கிட்ட 69 வயசு மா பாவ்குவோ, ஐம்பது வயசு அமெச்சூர் வீரர் ஒருத்தரோட மேடை ஏறினார். அரை நிமிஷத்துல மூணு தடவை கீழே விழுந்தார், மூணாவது தடவை எழுந்திருக்கல. ரெண்டு மாசத்துல சீன வூஷூ சங்கம், 'மாஸ்டர்', 'தலைமைக் குரு', 'உண்மைப் பரம்பரை' மாதிரியான பட்டங்களைத் தாங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம்னு பயிற்சியாளர்களுக்கு அறிக்கை விட்டது. கலை பிறந்த நாட்டுலயே நிலைமை இப்படி.

இப்போ நம்ம ஊர் சர்டிபிகேட்டுக்கு வருவோம். ஸ்போர்ட்ஸ் கோட்டா, வேலைன்னு பல கனவு இதுல தொங்குறதால இதைக் கவனமா படிங்க. "அரசு பதிவு பெற்றது"ன்னு ஒரு பதிவு எண் இருக்கும். பெரும்பாலும் அது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் பதிவானதற்கான எண். தெரு நலச் சங்கமும் அதே சட்டத்தில்தான் பதிவாகுது. அரசு உங்க மாஸ்டரோட கலையைச் சோதிச்சுப் பார்த்துச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. பெயரில் 'இன்டர்நேஷனல்', 'வேர்ல்டு' இருக்கிறதுக்கும் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அந்த விளையாட்டுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு இன்னிக்கு எது, இந்தச் சங்கம் அதுல இணைஞ்சிருக்கா என்பதுதான் கேள்வி. 'இன்னிக்கு'ங்கிற வார்த்தையை வேணும்னேதான் போட்டேன். உலக கராத்தே கூட்டமைப்பு 2020-ல் இந்திய கராத்தே சங்கத்தோட அங்கீகாரத்தையே விலக்கியது. போன வருஷம் செல்லுபடியானது இந்த வருஷம் செல்லாம போகலாம். டேக்வாண்டோவில் சோல் நகரத்துக் குக்கிவோன் கொடுக்கிற டான் சான்றிதழை எண்ணை வச்சுச் சரிபார்க்க முடியும். மாஸ்டர் அந்த எண்ணைக் காட்டத் தயங்கினா, யோசிங்க.

ஆனா பேப்பர் இல்லாதவங்க எல்லாரும் போலின்னு முடிவு பண்ணிடாதீங்க. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் சிலம்ப ஆசான்கள் எத்தனையோ பேர்கிட்ட ஒரு துண்டு சீட்டுகூட இருக்காது. அவங்களோட சான்று ஊர்தான். யார்கிட்ட கத்துக்கிட்டார், எந்தக் களத்துல ஆடினார், மாரியம்மன் பண்டிகையில யாரோட கம்பு சுத்தினார்னு பெரியவங்களைக் கேட்டா சொல்லிடுவாங்க. "எங்க வாத்தியார் பக்கத்து ஊர், இப்ப இல்லீங்க, அவர் மகன் இருக்கார்"னு ஒரு ஆசான் சொன்னா, நீங்க பஸ் ஏறிப் போய்க் கேட்டுக்கலாம். இமயமலையில ஒரு பெயர் தெரியாத குருன்னு சொன்னா எந்த பஸ்ஸுல ஏறுவீங்க?

அதனால கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அண்ணா, நீங்க யார்கிட்ட, எந்த ஊர்ல, எத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்க? உங்களோட சேர்ந்து கத்துக்கிட்டவங்க யாராவது இப்ப இருக்காங்களா? மரியாதையாவே கேட்கலாம். நிஜமா கத்துக்கிட்டவங்களுக்குத் தன் வாத்தியாரைப் பத்திப் பேசறது பிடிக்கும், நிறுத்தறதுதான் கஷ்டம். கோபப்பட்டு "குருவையே சந்தேகப்படறியா"ன்னு கேட்டா அட்மிஷன் ஃபீஸைப் பாக்கெட்லயே வச்சுக்கோங்க. "ரெண்டு மூணு கலையைக் கலந்து நானே உருவாக்கினேன்"னு நேரா சொன்னா, அதுவும் நல்ல பதில்தான். ஹாங்காங்கில் இப் மேன்கிட்ட விங் சுன் கற்ற புரூஸ் லீ, 1967-ல் தன் முறைக்கு ஜீத் குன் டோன்னு புதுப் பெயர் வச்சார். அதை யாரும் போலின்னு சொல்லல. அப்புறம் ரெண்டு நாள் வகுப்பை ஓரமா உட்கார்ந்து பாருங்க. மாஸ்டர் தொடாமலே பசங்க விழறாங்களா, இல்ல எதிர்க்கிற பையனோட பயிற்சி நடக்குதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.