நம்பிக்கைகளும் உண்மைகளும்: பதக்கம் வென்றவரா, பாடம் நடத்துபவரா?

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி அறிவியலுக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், முதலில் வரும் கேள்வி "யாருங்க, எந்த கேம்?" என்பதுதான். கபடியா, வாலிபாலா, அத்லெடிக்ஸா? கெமிஸ்ட்ரிக்கு ஆள் எடுக்கும்போது யாரும் இப்படி விசாரிப்பதில்லை. பி.டி. மாஸ்டர் என்றால் கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், விடிகாலை கிரவுண்டு என்றே பழகிவிட்டோம். அந்த மாஸ்டர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பாராலிம்பிக் வீரர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் திறமையைப் பள்ளியிலேயே கண்டுகொண்டவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். ஆனால் உடலின் உழைப்பை அளந்து, காரணம் சொல்லி, வகுப்பில் நடத்துகிற வேலை வேறு. அந்த வேலைக்கு ஆள் எடுப்பதைச் சுற்றி உலவும் தவறான நம்பிக்கைகளால் படித்த பிள்ளைகள் வருடங்களை இழக்கிறார்கள். கல்லூரிகளும் பொருத்தமில்லாத ஆளை எடுத்துவிட்டுத் தவிக்கின்றன.

"பெரிய பதக்கம் இருந்தால் பேராசிரியர் வேலை உறுதி."

இரண்டு பதவிகளை ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் இது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலை 18 அன்று வெளியிட்ட விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் ஒரு பதவி. கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி இயக்குநர் வேறொரு பதவி. இயக்குநராக வருவதற்கு 55 விழுக்காட்டுடன் உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ முதுநிலைப் பட்டம், நெட் அல்லது செட் தேர்ச்சி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலோ மாநில, தேசிய அளவிலோ ஆடியதற்கான சான்று, உடல்தகுதித் தேர்வு ஆகியவை வேண்டும். ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த் போட்டியிலோ பதக்கம் வென்று, முதுநிலைப் பட்டமும் முடித்தவருக்குத் தனி வழி ஒன்றும் அங்கே திறந்திருக்கிறது. உதவிப் பேராசிரியர் பதவிக்கு அந்த வழி இல்லை. இரண்டு பதவிக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் ஒன்றுதான்: நிலை 10, 57,700 ரூபாய். அறிவிப்பில் எந்தப் பதவி என்று பார்க்காமலேயே விண்ணப்பக் கட்டணம் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனவர் அவர். ஓடிவந்த வேகத்தை அவர் எந்த அடியில் மேல்நோக்கிய விசையாக மாற்றினார், எம்பும்போது இடது முழங்கால் எவ்வளவு மடங்கியது, உடல் எடையின் மையம் கம்பிக்கு மேல் எவ்வளவு உயரத்தில் கடந்தது? இந்தக் கேள்விகளுக்கு வீடியோவை பிரேம் பிரேமாக நிறுத்தி, கோணம் அளந்து பதில் சொல்லத் தெரிந்தவர்தான் வகுப்பறைக்கு வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு மீட்டர்கூடத் தாண்டாதவராக இருக்கலாம்.

"இன்டர்வியூவுக்கு முன் ஓடிக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் முடியாது."

ஓட்டத் தேர்வு இயக்குநர் பதவிக்குத்தான். அதிலும் அஞ்சுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆண்கள் 12 நிமிடம் ஓடலாம், நடக்கலாம். 30 வயது வரை 1,800 மீட்டர், 40 வரை 1,500, 45 வரை 1,200, 50 வரை 800 மீட்டர் கடந்தால் போதும். பெண்களுக்கு 8 நிமிடம். அதே வயதுகளுக்கு 1,000, 800, 600, 400 மீட்டர். ஓடுவதற்கு முன் மருத்துவச் சான்று கட்டாயம்.

இந்த 12 நிமிட ஓட்டமே உடற்பயிற்சி அறிவியலின் பாடம் ஒன்று. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட முறை இது. ஒருவர் 12 நிமிடத்தில் கடக்கும் தூரத்தை வைத்தே, அவர் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று கணிக்கலாம். கடந்த மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். 1,800 மீட்டருக்குக் கணக்குப் போட்டால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 29 மில்லி லிட்டர் வருகிறது. சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இது 70-ஐத் தாண்டும். விதி கேட்பது ஒழுங்காக நடமாடுகிற இளைஞரின் உடம்பை மட்டும்தான். நேர்காணலுக்கு வருகிறவரிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். பாடம் தெரிந்தவர் யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"பி.எச்டி. இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்."

பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று விதியில் இருந்தது உண்மை. 2021 ஜூலையில் அமலுக்கு வர வேண்டியது 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. கடைசியில் 2023-இல் அதையே திருத்தி, நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதி ஆக்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் புதிய வரைவு விதிகள் வந்தபோது தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆகவே கையில் இருக்கும் அறிவிப்பு எந்த விதியைச் சொல்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். நெட் தேர்வில் உடற்பயிற்சி அறிவியலுக்கென்று தனிப் பாடம் இல்லை. உடற்கல்வி என்ற தாளுக்குள்தான் உடலியங்கியலும் உயிர் இயக்கவியலும் அடங்கியிருக்கின்றன. பி.பி.எட். நடத்தும் கல்லூரிகளுக்கு, சேலம் ஸ்ரீ சாரதா மகளிர் உடற்கல்வியியல் கல்லூரி, நாமக்கல் செல்வம் உடற்கல்வியியல் கல்லூரி போன்றவற்றுக்கு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளும் சேர்ந்துகொள்ளும். அங்கே எம்.பி.எட். கேட்பார்கள். வெறும் எம்.எஸ்சி. வைத்திருப்பவர் இதை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

"மார்க் கூட்டிப் பார்த்து, முதலில் வருபவருக்கு வேலை."

பல்கலைக்கழகங்கள் ஆள் எடுக்கும்போது இந்த நம்பிக்கை செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. விதிமுறையின் அட்டவணைப்படி இளநிலைக்கு 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். உடன் நெட் இருந்தால் 7, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, பணி அனுபவத்துக்கு 10, விருதுகளுக்கு 3. இந்த நூறும் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று வடிகட்ட மட்டுமே. கூப்பிட்ட பிறகு தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலில் எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்று விதியே சொல்கிறது. அந்தக் குழுவில் துணைவேந்தரோ அவர் நியமித்தவரோ தலைவர். வேந்தரின் சார்பில் ஒருவர், துறை வல்லுநர்கள் மூவர், புலத் தலைவர், துறைத் தலைவர் இருப்பார்கள். வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் இருவராவது இல்லாமல் குழு கூட முடியாது.

இது தெரியாமல் பிள்ளைகள் காசு கட்டினால் அச்சிடுகிற பத்திரிகைகளில் கட்டுரை கட்டுரையாகப் போடுகிறார்கள். ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண். ஐந்தோடு பத்து நிரம்பிவிடும். ஆறாவது கட்டுரைக்குக் கட்டிய பணம் வீண். மூன்று பேரிடம் கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டியவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தமானியைச் சரியாகக் கட்டக்கூடத் தெரியவில்லை என்பதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. ஏமாற்றியவர்கள் அவர்கள் அல்லர், ஏமாற்றப்பட்டவர்கள்.

"லட்சக்கணக்கில் லேப் இருந்தால்தான் ஆள் எடுக்க முடியும்."

மூச்சுக்காற்றை அளக்கும் கருவியும் டிரெட்மில்லும் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். 1943-இல் வெளிவந்த ஹார்வர்டு படிச் சோதனைக்கு 20 அங்குல உயரப் பலகை, தாளம் போட ஒரு செல்போன், ஒரு கைக்கடிகாரம் போதும். மாணவர் நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்குவார். உட்கார்ந்ததும் குறித்த இடைவெளிகளில் நாடித் துடிப்பை எண்ண வேண்டும். துடிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ, இதயம் அவ்வளவு பழகியிருக்கிறது. மணிக்கட்டில் விரலை எங்கே வைப்பது, கட்டைவிரலால் ஏன் எண்ணக் கூடாது, யாரை இந்தச் சோதனையில் ஏற்றவே கூடாது என்பதெல்லாம் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் ஆய்வகம் தானாக வளரும். கருவி வாங்கிவிட்டு ஆள் தேடிய இடங்களில் கருவி துணி மூடிக் கிடக்கிறது.

"இது விளையாட்டுக்காரர்களுக்கான படிப்பு. நம்ம ஊருக்கு எதற்கு?"

லண்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ் 1953-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வை நாமக்கல்காரர்கள் அனைவரும் அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களையும், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனடி மரணம் குறைவு. அவர் அத்தோடு விட்டுவிடவில்லை. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகத்தில், அவருடைய குழு சீருடை அளவுகளைத் தேடி எடுத்தது. ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. அதையும் 1956-இல் வெளியிட்டார்கள். தன் முடிவைத் தானே சோதிக்கிற இந்தப் பழக்கத்தைத்தான் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

இப்போது நம்மைப் பாருங்கள். நாமக்கல்லின் லாரி, டேங்கர் டிரைவர்கள், இந்தியா முழுக்க ஆழ்துளை போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் ஷிப்டு முழுக்க நிற்பவர்கள், சேலத்தில் குனிந்தபடி கொலுசு பற்றவைக்கிறவர்கள், ஆத்தூர் சேகோ ஆலைகளில் 40 டிகிரி வெயிலில் மாவு காயவைக்கும் பெண்கள். இவர்களின் இதயத்தையும் இடுப்பையும் யார் அளந்திருக்கிறார்கள்? தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அதே ஆய்வுத் திட்டத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. சேலத்தில் இதற்கென ஓர் ஆசிரியர் வேலைக்கு வந்தால், அவருடைய ஆய்வுக்களம் பேருந்து நிலையத்திலிருந்தே தொடங்கும்.

ஜிம் டிரெய்னரும் பிசியோதெரபிஸ்டும் இதே வேலையைத்தானே செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ஒருவர் பயிற்சி கொடுக்கிறார், ஒருவர் சிகிச்சை தருகிறார். இவர் அளக்கிறார், விளக்குகிறார்.

தனியார் கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலில் கோப்பை மூடி வைத்துவிட்டு, விண்ணப்பதாரரை மாணவர்கள் முன்னால் இருபது நிமிடம் நிறுத்துங்கள். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியவருக்கு மறுநாள் தொடை ஏன் பிடித்துக்கொள்கிறது என்று கேளுங்கள். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று சொன்னால் அவர் பழைய நோட்டைப் படித்துவிட்டு வந்தவர். அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இறங்கும்போது தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, அதில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அதனால்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி கூடுகிறது என்று தமிழில் புரியும்படி சொல்கிறவருக்கு ஆணை கொடுங்கள்.