கல்லும் சொல்லும்

நுழையும்முன்

ஒரு மொழியைக் கற்க நூலும் ஆசிரியரும் வேண்டும். அம்மொழி வளர்ந்த நிலத்தைக் காணும் வாய்ப்பும் கிட்டினால் கல்வி மேலும் சிறக்கும். தென் பிரான்சில் பிரெஞ்சு மொழி பயில வருவோர், முற்பகலில் வகுப்பறையிலும் பிற்பகலில் பழைய உரோமானியக் கட்டடங்களின் நடுவிலும் கற்பதுண்டு. அதன் பயனை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊர்ப்பெயரே முதற்பாடம்

தென் பிரான்சின் ஒரு பகுதி புரோவான்ஸ் எனப்படும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமானியர் இங்குக் காலூன்றினர். தாம் வென்ற இந்நிலத்தைத் தம் இலத்தீன் மொழியில் 'புரோவின்கியா' என்று அழைத்தனர். மாகாணம் என்பது அதன் பொருள். அச்சொல்லே நாளடைவில் 'புரோவான்ஸ்' என மாறியது. எனவே, அங்கு வந்திறங்கும் மாணவர்கள் ஊர்ப்பெயரிலேயே முதற்பாடத்தைக் கற்றுவிடுகின்றனர்.

பாலத்தின் அடியில் ஒரு வகுப்பு

நீம் நகருக்கு அருகில், கார்தோன் ஆற்றின்மேல் 'போன் து கார்' என்னும் பெரும்பாலம் நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த இப்பாலம் மூன்று அடுக்கு வளைவுகளை உடையது. ஏறத்தாழ 49 மீட்டர் உயரமானது. இதன் உச்சியில் ஓடியது வண்டியன்று, தண்ணீர். ஊசே என்னும் ஊரின் ஊற்றுநீரை நீம் நகருக்குக் கொண்டுசென்ற, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயின் ஒரு பகுதியே இப்பாலம். அவ்வளவு தொலைவிற்கும் கால்வாயின் மொத்தச் சரிவு ஏறத்தாழ 12.6 மீட்டர் மட்டுமே. நீர் தேங்காமலும் கரையை அரிக்காமலும் செல்லுமாறு அச்சரிவை அமைத்த திறன் வியக்கத்தக்கது.

பாலத்தின் அடியில் நின்று மாணவர்கள் சொற்களைக் கற்கின்றனர். பாலத்திற்கு இலத்தீனில் 'போன்ஸ்', பிரெஞ்சில் 'போன்'. வாயிலுக்கு இலத்தீனில் 'போர்த்தா', பிரெஞ்சில் 'போர்த்'. நீருக்கு இலத்தீனில் 'அக்குவா'. பிரெஞ்சிலோ வெறும் 'ஓ'. கோயம்புத்தூர் கோவை ஆனதையும் தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும் தமிழ் இலக்கணம் மரூஉ என்னும். அதுபோலவே, மக்கள் நாவில் பல நூற்றாண்டுகள் புழங்கிய இலத்தீன் சொற்கள் தேய்ந்தும் திரிந்தும் பிரெஞ்சுச் சொற்களாயின.

மணல் தந்த பெயர்

ஆர்ல் நகரில் ஏறத்தாழ 20,000 பேர் அமரத்தக்க வட்டரங்கு ஒன்று உள்ளது. போர் விளையாட்டுகளில் சிந்தும் குருதியை உறிஞ்சுவதற்காக அத்தகைய அரங்குகளின் தரையில் மணல் பரப்புவர். மணலைக் குறித்த 'அரேனா' என்னும் இலத்தீன் சொல் பின்னர் அரங்கிற்கே பெயராயிற்று. உரோமப் பேரரசு வீழ்ந்தபின் மக்கள் இதனைக் கோட்டையாக்கி, இதனுள்ளேயே 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வீடுகள் அகற்றப்பட்டன. "முன்பு இங்கு என்ன இருந்தது? பிறகு என்ன ஆயிற்று? இன்று என்ன இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்க, மாணவர்கள் பிரெஞ்சில் விடை கூறுகின்றனர். நூலில் கடினமாகத் தோன்றிய காலங்காட்டும் வினைகள், கண்ணெதிரே உள்ள பொருளைப் பற்றிப் பேசும்போது எளிதில் கைவருகின்றன.

மறைந்த மொழியும் காத்த கவிஞரும்

உரோமானியர் வருமுன் அந்நாட்டில் வாழ்ந்த கோல் இனத்தார்க்குத் தனிமொழி இருந்தது. ஆட்சி, படை, வாணிகம் ஆகிய அனைத்திற்கும் இலத்தீனே வேண்டியதாயிற்று. தலைமுறைதோறும் பெற்றோர் தம் மக்களிடம் தாய்மொழி பேசுவது குறைந்தது. சில நூற்றாண்டுகளில் கோல் மொழி வழக்கொழிந்தது. ஆயினும், அதன் சொற்கள் சில இன்றும் பிரெஞ்சில் வாழ்கின்றன. ஆட்டைக் குறிக்கும் 'முத்தோன்', கலப்பையைக் குறிக்கும் 'ஷாரு' ஆகியன அத்தகையவை. அரண்மனையிலும் அலுவலகத்திலும் தோற்ற மொழி, ஆட்டுக்கொட்டிலிலும் வயலிலும் தன் சுவடுகளை விட்டுச்சென்றது.

பிற்காலத்தில் புரோவான்ஸ் மக்களின் வட்டார மொழிக்கும் இடர் வந்தது. பள்ளியில் அதைப் பேசிய சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். அம்மொழியிலேயே காவியம் படைத்த பிரெடெரிக் மிஸ்திரால், அதன் சொற்களைத் திரட்டிப் பேரகராதி ஒன்றையும் தொகுத்தார். 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவர், அத்தொகையை ஆர்ல் நகரில் தாம் நிறுவிய மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அதன் முற்றத்தில் உரோமானியர் காலக் கற்களும் உள்ளன. ஒரே முற்றத்தில் நின்று இலத்தீனையும் பிரெஞ்சையும் வட்டார மொழியையும் எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் ஓர் உண்மையை உணர்கின்றனர். கல் நிலைப்பதற்கு அடித்தளம் போதும். சொல் நிலைப்பதற்கு அதைப் பேசும் நா வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி இன்றும் கற்பிக்கப்படுகிறது. அந்நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வில் உரோமானிய மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. பிரெஞ்சு வகுப்பும் உரோமானியத் தடயமும் அருகருகே அமைந்த இடம் தமிழ் நிலத்திலும் உண்டு.

சொல்லும் பொருளும்

வட்டரங்கு – வட்ட வடிவில் இருக்கைகள் சூழ்ந்த ஆடுகளம்
வழக்கொழிதல் – பயன்பாட்டிலிருந்து மறைதல்
சுவடு – அடையாளம்
மட்கலம் – மண்ணாலான பாத்திரம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. 'புரோவின்கியா' என்பதன் பொருள் __________.
2. மட்கலம் என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது __________ + __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'போன் து கார்' பாலம் எதற்காகக் கட்டப்பட்டது?
2. வட்டரங்கிற்கு 'அரேனா' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
கோல் மொழி மறைந்தமைக்கும் அதன் சொற்கள் சில எஞ்சியமைக்கும் உரிய காரணங்களை விளக்குக.

ஈ. மரூஉப் பெயர்களை எழுதுக.
புதுக்கோட்டை, திருநெல்வேலி, உதகமண்டலம்

உ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில் வழங்கி, பள்ளியிலும் கடைத்தெருவிலும் நீங்கள் கேட்காத தமிழ்ச் சொற்கள் பத்தினைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு எழுதுக. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளை அல்லது செயலைக் குறிக்கிறது என்பதையும், அதை முதலில் யார் சொல்லக் கேட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுக.